கஸ்பார் கண்டக்டர் லிமா போன கதை

தென் அமெரிக்கத் தலைநகரங்களில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டால் நான் கடகடவென்று சொல்லிவிடுவேன். இத்தனைக்கும் நான் சென்னையைத் தாண்டியதில்லை. எல்லாம் திண்டுக்கல்-வத்தலக்குண்டு பஸ்ஸில் கற்றது. கற்றுக்கொடுத்தவர் அந்த வண்டியின் கண்டக்டர் கஸ்பார்.

வத்தலக்குண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கிளார்க். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். போக வர அவர் வண்டிதான். தனியார் பஸ். கஸ்பார் நெட்டை. தொண்டை பெரிது. சில்லறை இல்லாமல் ஏறுகிறவர்களை அவர் திட்டுகிற அழகைக் கேட்பதற்காகவே சிலர் சில்லறையை மடியில் ஒளித்துக்கொண்டு ஏறுவதாக டிரைவர் பெருமாள்சாமி சொல்வார். திட்டுவாரே தவிர, கஸ்பார் யாரையும் இறக்கிவிட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், பிரிஸ்கில்லா. கன்னியாஸ்திரி. 1999இல் மடத்தார் அவளை எக்குவடோர் நாட்டுத் தலைநகரமான கீட்டோவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவள் அனுப்பிய முதல் பட அஞ்சலட்டையைக் கஸ்பார் டிரைவர் தலைக்கு மேலே ஒட்டினார். ஒரு பக்கம் முதலாளி மாட்டிய பழநி முருகன், மறுபக்கம் கஸ்பார் மாட்டிய புனித செபஸ்தியார், நடுவில் கீட்டோ. மலை உச்சியில் பெரிய மாதா சிலை நிற்கிறது, முதுகில் இரண்டு இறக்கைகள்.

செம்பட்டியில் கத்தரிக்காய்க் கூடையோடு ஏறுகிற மூக்காயிதான் அதை முதலில் பார்த்தாள்.

"என்னய்யா கண்டக்டரு, மாதாவுக்கு றெக்க மொளச்சிருக்கு?"

"அந்த ஊரு மாதாவுக்கு உண்டு. ஊரு அம்புட்டு ஒசரம், நடந்து ஏற முடியாதுல்ல. அங்க இன்னொண்ணும் பாக்கணும் ஆத்தா. பூமிக்கு நடுக்கோடு போகுது. இந்தப் பக்கம் ஒரு காலு, அந்தப் பக்கம் ஒரு காலு வச்சு நிக்கலாம். எம்மக நின்னுருக்கா."

"நின்னா என்ன கெடைக்கும்?"

"போட்டோ கெடைக்கும்."

2001இல் பொலிவியாவின் லா பாஸ் வந்தது. வெள்ளை மலை ஒன்று ஊருக்குப் பின்னால் சுவர் வைத்தது போல நிற்கும் படம். அந்த ஊரில் இறங்கினால் மூச்சு முட்டும், முதல் நாள் எங்கேயும் சுற்றாமல் படுத்துக் கிடக்க வேண்டும், ஏதோ ஒரு இலையை வெந்நீரில் போட்டுத் தருவார்கள், குடித்துவிட்டு மறுநாள் சந்தைக்குப் போனால் உருளைக்கிழங்கை மட்டுமே நூறு விதமாகக் குவித்து வைத்திருப்பார்கள் என்று கஸ்பார் நேரில் போய் வந்தவர் போலச் சொல்வார். சட்டப்படி தலைநகரம் சுக்ரே என்கிற இன்னொரு ஊராம், ஆபீஸ் எல்லாம் லா பாஸிலாம். இதைக் கேட்டு பஸ்ஸில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நம் பக்கத்தில் பேர் ஒரு ஊருக்கும் பிழைப்பு ஒரு ஊருக்கும் இருப்பது புதிதா என்ன.

2003இல் பெரு நாட்டின் லிமா. மஞ்சள் கட்டடங்கள், அவற்றில் மரத்தால் செதுக்கிய மாடங்கள். அதை ஒட்டிய பிறகு கஸ்பார் வாய் சற்றுக் குறைந்தது. மகள் தூரம் போய்க்கொண்டே இருக்கிறாள் என்கிற கவலை; அதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருந்ததை 2005இல்தான் எனக்குச் சொன்னார்.

எங்கள் பக்கம் கருப்பசாமிக்குக் கிடாய் நேர்ந்துவிடுகிறோம். கஸ்பாரின் தெருவில் செபஸ்தியாருக்குப் பிள்ளையையே நேர்ந்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம், வெட்ட மாட்டார்கள். நோயில் விழுந்து பிழைக்காது என்று ஆன பிள்ளையைப் பெற்றவள் கோயிலுக்குத் தூக்கிப்போய், இனிமேல் இது உன் பிள்ளை, நீயே காப்பாற்று என்று செபஸ்தியார் சுரூபத்தின், அதாவது சிலையின், காலடியில் கிடத்துவாள். பிழைத்துக்கொண்டால் அடுத்த திருவிழாவில் உபதேசியார் அந்தப் பிள்ளையை ஏலம் விடுவார். உபதேசியார் என்றால் சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயில் காரியங்களைக் கவனிக்கிறவர். தகப்பன் ஏலம் கேட்பான். ஊரார் விளையாட்டுக்கு ஏற்றிக் கேட்பார்கள். தகப்பன் அதற்கு மேல் கேட்டுப் பிள்ளையை வாங்கி, சுரூபத்தின் காலடியில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வீட்டுக்குத் தூக்கி வருவான். அதற்குப் பிறகுதான் அது மறுபடியும் அவன் பிள்ளை.

பிரிஸ்கில்லா கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கில் துவண்டு போனாள். தாய் வியாகுலம்மாள் தூக்கிக்கொண்டு ஓடிக் காலடியில் கிடத்தினாள். குழந்தை பிழைத்தது. திருவிழா வந்தது. ஒரே ஒரு நடை போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று வண்டி ஏறிய கஸ்பார், செம்பட்டிக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து நடுரோட்டில் நின்றார். வண்டியை விட்டுவிட்டுக் கண்டக்டர் வரக் கூடாது. அவர் வந்து சேர்ந்தபோது பந்தலில் நாய்தான் படுத்திருந்தது. தகப்பன் இல்லாமல் ஏலம் கிடையாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று உபதேசியார் பிள்ளையைத் தாயிடமே கொடுத்து அனுப்பியிருந்தார். அடுத்த வருடம் வீட்டில் ஒரு சாவு. அதற்கடுத்த வருடம் மைத்துனனோடு சண்டை. அப்புறம் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. ஓடுகிற பிள்ளையை யார் ஏலம் விடுவார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

1993இல் பிரிஸ்கில்லா மடத்தில் சேரப்போவதாகச் சொன்னபோது தெருவே ஒரே வார்த்தைதான் சொன்னது: மீட்காத பிள்ளைதானே, செபஸ்தியார் கூப்பிட்டுக்கொண்டார். 1996இல் மஞ்சள்காமாலை வந்து அவள் வீட்டுக்கு வந்தாள். தேறிய பிறகும் ஒரு வருடம் போல இருந்து, சின்னாளப்பட்டியில் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தினாள். கஸ்பாருக்கு ஆசை துளிர்த்துவிட்டது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை கூடப் பார்த்துவிட்டார். அவளோ ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மடத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். தெரு மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னது.

2005இல் லிமாவிலிருந்து போன். வருகிற ஆகஸ்டில் அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. கன்னியாஸ்திரியாகவே இருப்பேன் என்று கொடுக்கிற சத்தியம்தான் வார்த்தைப்பாடு. அதுவரை கொடுப்பதெல்லாம் தவணை வார்த்தைப்பாடு, வேண்டாம் என்றால் வெளியே வந்துவிடலாம். நித்தியம் என்றால் சாகும்வரை. பெற்றோரில் ஒருவர் வரலாம், மடம் டிக்கெட் எடுத்துத் தருகிறது.

"எம் பொஞ்சாதி போகட்டும்னுதான் சார் நெனச்சேன்," என்றார் கஸ்பார். "அவ என்ன சொல்றா தெரியுமா? நேந்தது நானு, மீட்க வேண்டியது நீங்க. தகப்பன்தான் ஏலம் கேக்கணும், நீங்களே போங்கங்கிறா."

"லிமாவுல போயி என்னண்ணே ஏலம்?"

"அங்கயும் செபஸ்தியார் கோயில் இருக்காம். நம்ம சாமியாரு சொன்னாரு. உபதேசியாரு இல்லாட்டியும் பரவால்ல. நானே கேக்குறேன், நானே ஏத்துறேன், நானே வாங்கிக்கிறேன். கட்டிப்போட்ட பிள்ளை சார் அது. வார்த்தைப்பாடு குடுக்கிறதுக்குள்ள அவுத்துவிட்டுறணும். அவுத்துவிட்டுட்டு, இப்ப சொல்லு, இருக்கியா வாரியான்னு கேக்கணும்."

வந்துவிட்டால்? அதைக் கேட்டபோது அவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை இருந்தது. கன்னியாஸ்திரிக்கு எதற்குச் சுங்குடிச் சேலை? நேர்வது, மீட்பது எல்லாம் திருச்சபை போதனையில் இல்லாத வழக்கம், மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்று சாமியார் சொல்லியிருந்தாராம். நானும் என் பங்குக்கு அதையே சொல்லி வைத்தேன். அடுத்தவன் நெஞ்சில் குத்தின முள்ளை ஒன்றுமில்லை என்று சொல்வது ரொம்பச் சுலபம்.

அப்புறம் நடந்ததெல்லாம் கஸ்பார் பல நாள் பஸ்ஸில் எனக்குச் சொன்னது.

லிமா விமான நிலையத்திலேயே உப்பும் மிளகும் மாட்டிக்கொண்டன. ஒரு அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து, இது என்ன என்று சைகையில் கேட்டார். கஸ்பார் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினார். மிளகுக் காரத்தில் கண் கலங்கியதைப் பார்த்து அந்த ஆள் இரக்கப்பட்டு அனுப்பிவிட்டார். வெளியே சாம்பல் நிற அங்கியில் மகள் நின்றாள். ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறார். இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள், சத்தமாகச் சிரித்தாள்.

மடம் நகரத்தின் ஓரத்தில் ஒரு மணல் குன்றில் இருந்தது. குன்று முழுக்கச் சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வானம் அழுக்குப் பஞ்சு போல மூடியே கிடந்தது. அந்த ஊரில் மழையே பெய்யாதாம், தூறல் மட்டும் மூஞ்சியில் ஈரம் ஒட்டிவிட்டுப் போகுமாம். காலையில் தண்ணீர் லாரி வந்தது. பெண்கள் டிரம்களை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். கஸ்பாருக்குத் திண்டுக்கல்லை விட்டு வந்தது போலவே இல்லை.

வார்த்தைப்பாட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. மகள் தினமும் ஒரு இடம் கூட்டிப் போனாள். இன்று கேட்டுவிடலாம் என்று தினமும் கிளம்புவார். போகிற இடத்தில் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். அவளும் நிறுத்தாமல் எதையாவது காட்டிக்கொண்டே இருந்தாள்.

முதல் நாள் பெரிய சதுக்கம். பட அஞ்சலட்டையில் பார்த்த மர மாடங்கள் நேரில் இன்னும் அழகு. உச்சிப்பொழுதில் அரண்மனை வாசலில் காவலர்கள் பேண்டு வாத்தியத்தோடு மாறுவதை நின்று பார்த்தார்கள். அப்புறம் பேராலயம். வாசலுக்கு வந்ததும் கஸ்பார் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நடந்தார். நம் பக்கத்துக் கோயில்களில் செருப்போடு யார் நுழைவார்கள்? உள்ளே அத்தனை பேரும் ஷூவோடு முழங்காலில் நின்றதைப் பார்த்து அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்பா, இங்க போட்டுக்கிட்டே வரலாம். வெளிய விட்டா காணாமப் போயிரும்."

"போனாப் போகுது. என்னால ஆகாது."

அதிலிருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவர் உள்ளே, ஷூவுக்குக் காவலாக மகள் வெளியே. அங்கே எப்படிக் கேட்பது?

பிரான்சிஸ்கு கோயிலின் அடியில் நிலவறை. செத்தவர்களின் எலும்புகளை வட்ட வட்டமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், கோலம் போட்ட மாதிரி. அங்கே வாயே வரவில்லை. லிமாவில் பிறந்த புனிதை ரோசம்மாளின் வீட்டுக் கிணற்றில் ஜனங்கள் வேண்டுதலைத் தாளில் எழுதிப் போடுகிறார்கள், வரிசை தெருவரை நிற்கிறது. "நம்ம ஊருல மனுவக் கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கிறோம், இங்க கெணத்துல போடுறாக. பதிலு ரெண்டு எடத்துலயும் ஒண்ணாத்தான் வரும்போல," என்றார். மகள் சிரித்த சிரிப்பில் பேச்சு திசை மாறிவிட்டது. கிறிஸ்தோபர் மலை உச்சிக்குச் சின்ன பஸ்ஸில் போனார்கள். ஒரு வண்டி மட்டும் போகிற பாதை, ஒரு பக்கம் பள்ளம். கொடைக்கானல் ரோட்டில் ஓட்டுகிற நம் பசங்கள் இதைத் தூங்கிக்கொண்டே ஓட்டுவார்கள் என்று கஸ்பார் தெம்பாக உட்கார்ந்திருந்தார். கடற்கரை மேட்டில் ஒரு பூங்கா. நடுவில் ஆணும் பெண்ணும் முத்தமிடுகிற மகா பெரிய சிலை. கஸ்பார் சட்டென்று கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்குப் பாப்பா எங்கிட்டக் காட்டுற?"

"எல்லாரும் பாக்குற எடம்ப்பா. மூஞ்சத் திருப்பாதீங்க, கடலாவது நல்லா இருக்குல்ல."

எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனை அவர் தொடவில்லை. தெருவோரம் கம்பியில் குத்திச் சுட்ட மாட்டு இதயத்தை நான்கு தட்டு சாப்பிட்டார். அந்த விஷயத்தில் திண்டுக்கல்காரர் எந்தத் தலைநகரத்திலும் தோற்க மாட்டார்.

ஆனால் அவருக்கு லிமாவில் ரொம்பப் பிடித்தது வேறு. அங்கே ஊருக்குள் ஓடுகிற வேன்களில் ஒரு பையன் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பேரைக் கத்துவான். 'சூபே, சூபே' என்றால் ஏறு. 'பாஹா, பாஹா' என்றால் இறங்கு. கஸ்பாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது நாள் கதவுக்குப் பக்கத்தில் நின்று, ஏற முடியாமல் தவித்த ஒரு பாட்டியம்மாவைக் கை பிடித்துத் தூக்கிவிட்டார். அப்படியே திரும்பி, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எம்புட்டு எடம் கெடக்கு!" என்று தமிழிலேயே ஒரு சத்தம் கொடுத்தார். வண்டியில் இருந்தவர்கள் பேசாமல் உள்ளே நகர்ந்தார்களாம். பிரிஸ்கில்லா முகத்தை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள். கத்துகிற பையன் கஸ்பாரிடம் காசு வாங்க மறுத்துவிட்டான். லிமாவில் அவருக்குக் கிடைத்த மரியாதைகளில் இதைத்தான் அவர் முதலில் சொல்வார்.

இப்படியே நாள் ஓடி, வார்த்தைப்பாட்டுக்கு முந்தின நாள் வந்துவிட்டது. காலையில் கஸ்பார், இன்றைக்குச் செபஸ்தியார் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்றார். மகள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். சரி என்றாள்.

சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ரோசம்மாளுக்கும் இன்னொரு லிமாப் புனிதரான மார்ட்டினாருக்கும் ஞானஸ்நானம் கொடுத்த தொட்டி அந்தக் கோயிலில்தான் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. கஸ்பார் வழக்கம் போல வாசலில் ஷூவைக் கழற்றினார். அன்று மகள் வெளியே நிற்காமல் கூடவே வந்தாள். அம்பு தைத்த செபஸ்தியாரைப் பார்த்ததும் அவருக்குத் தெருவுக்கே வந்துவிட்ட மாதிரி தைரியம் வந்தது. பையிலிருந்து உப்பு மிளகுப் பொட்டலத்தையும் கைக்குட்டையில் முடிந்த காசையும் எடுத்து வைத்தார். கடைசியில் சேலையையும் எடுத்தார்.

"பாப்பா, உன்னைய நாங்க மீட்கல."

அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என் தப்புதான். இப்ப மீட்டுடறேன். அதுக்குப் பெறகு நீ யாருக்கும் நேந்துவிட்ட பிள்ளை இல்ல. நாளைக்கி வார்த்தைப்பாடு குடுக்குறதா இருந்தாலும் உன் இஷ்டம். வீட்டுக்கு வாரேன்னாலும் வா. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

பிரிஸ்கில்லா சேலையை எடுத்து மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"சின்னாளப்பட்டியா?"

"ஆமா."

"நல்ல கலரு. அம்மா கட்டட்டும்." அதை மடித்து அவர் பைக்குள் வைத்தாள். "உப்பையும் உள்ள வைங்கப்பா. நீங்க ஏலம் கேக்குற பிள்ளை இங்க விலைக்கு இல்ல."

"என்ன சொல்ற?"

"அது எப்பவோ முடிஞ்சுபோச்சு."

பிறகு அவள் சொன்னாள். மீட்காதவள் என்று தெருப் பிள்ளைகள் கூப்பிட்டு அவளுக்குப் பத்து வயதிலேயே எல்லாம் தெரியும். மடத்தில் சேர்ந்த பிறகும் அது அவளை விடவில்லை. தானாக வந்தோமா, செபஸ்தியார் இழுத்து வந்தாரா என்று தெரியாமல் எப்படி வார்த்தைப்பாடு கொடுப்பது? மஞ்சள்காமாலை வந்தது நிஜம்தான், ஆனால் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. பாக்கி நாளெல்லாம் அவளே கேட்டு வாங்கின விடுப்பு.

"சின்னாளப்பட்டியில மொத சம்பளம் வாங்குனேன். அந்தச் சமயம் நம்ம திருவிழா. மறுநாக் காலையில பந்தலப் பிரிக்கையில போயி, உபதேசியார் தாத்தா, என்னைய ஏலம் விடுங்கன்னேன். தகப்பன் இல்லாம ஏலம் இல்லம்மான்னாரு. பிள்ளைக்கே இருவத்துமூணு வயசாச்சு, பிள்ளையே கேக்குதுன்னேன். செத்த நேரம் யோசிச்சாரு. பெறகு படியில ஏறி நின்னு, ஊரே கூடியிருக்கிற மாதிரி கூப்புட்டாரு. கயிறு அவுத்துக்கிட்டிருந்த ஆளு விளையாட்டுக்கு ஏத்திக் கேட்டாரு. நான் அதுக்கு மேல கேட்டேன். மூணு தரம் சொல்லி முடிச்சாரு. சம்பளம் முச்சூடும் போச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே ஆத்தா."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

கஸ்பார் பொய் சொல்லத் தெரியாதவர். "ஒட்டன்சத்திரத்துக்கு நாள் குறிச்சிருப்பேன்," என்றார்.

"அதான் சொல்லல. அன்னைக்கி வெளிய வந்தா, எங்க வேணாலும் போகலாம்னு இருந்துச்சு. எங்க போறதுன்னு தெரியல. உங்க பஸ்ஸுலதான் ஏறுனேன். வத்தலக்குண்டு வரைக்கும் வந்து அதே வண்டியில திரும்புனேன். வழியெல்லாம் யோசிச்சேன். மாப்பிள்ளை, வீடு, பள்ளிக்கூடம் எல்லாத்தையும் யோசிச்சேன்ப்பா. எதுவும் மோசமா இல்ல. ஆனா எனக்குப் புடிச்சது இதுதான்."

கஸ்பாருக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. மகள் சன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, அவள் மேல் வெயில் படாமல் திரைத்துணியை இழுத்துவிட்டிருக்கிறார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மகள் கட்டுப்பட்டவள் இல்லை. அதே சமயம், இத்தனை தூரம் பறந்து வந்து அவிழ்க்க நினைத்த கட்டை அவள் தானே அவிழ்த்துக்கொண்டாள், அப்பன் தேவைப்படவில்லை என்பது வலித்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் அந்தக் கோயிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். இதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

"அந்தக் காச என்ன பண்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"திருவிழா அசனத்துக்கு அரிசி வாங்கிப் போடுங்க. ஊரு சாப்புடட்டும்."

வெளியே வந்தால் ஷூ இல்லை. காவல்காரியும் உள்ளே உட்கார்ந்து கதை பேசினால் ஷூ எப்படி இருக்கும்? அந்தக் குளிரில் கஸ்பார் வெறும் சாக்ஸோடு இரண்டு தெரு நடந்தார். ஒரு கடையில் பிரிஸ்கில்லா ஸ்பானிஷ் பாஷையில் பேரம் பேசினாள். விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தாள், வெளியே போவது போல நடந்தாள், கடைக்காரன் கூப்பிட்டதும் போனால் போகிறது என்பது போலத் திரும்பினாள். கடைக்காரன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பக்கத்துக் கடைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கதை சொன்னாள். இவள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று கஸ்பாருக்கு அங்கேதான் உறைத்தது.

மறுநாள் சடங்கு. பாட்டு, தூபம், நீளமான பிரசங்கம். ஒரு கட்டத்தில் பிரிஸ்கில்லா பீடத்தின் முன் தரையில் குப்புறப் படுத்தாள். எல்லாப் புனிதர்களின் பெயரையும் சொல்லி வேண்டுகிற வரை எழுந்திருக்கக் கூடாது. காலடியில் கிடந்த கைக்குழந்தை கஸ்பாரின் ஞாபகத்துக்கு வந்தது. அன்று வியாகுலம்மாள் கிடத்தினாள், இன்று மகள் தானாகக் கிடக்கிறாள். பிறகு எழுந்து, ஆயர் கேட்டதற்கு உரக்கப் பதில் சொன்னாள். கஸ்பாருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

கஸ்பார் ஊருக்கு வந்த அன்று சாயங்காலம் நானும் பெருமாள்சாமியும் பார்க்கப் போனோம். வீடு கொள்ளாத கூட்டம். எலும்புக் கோலம், கிணற்று மனு, கதவில் தொங்குகிற பையன் என்று எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொன்னார். முத்தச் சிலையை மட்டும் பெண்கள் இருந்ததால் விட்டுவிட்டார். வியாகுலம்மாள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். லிமாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தெருக்காரர்கள் கலைந்த பிறகு, நாங்கள் இருப்பதையும் பொருட்படுத்தாமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏலம் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"எம்புட்டுக்கு?"

"விலைக்கு இல்லன்னுட்டா உம்மக," என்றார் கஸ்பார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வியாகுலம்மாள் நின்றபடியே கேட்டாள். கயிறு அவிழ்த்தவன் விளையாட்டுக்கு ஏற்றிக் கேட்ட இடத்தில் மட்டும், "எவன் அவன், எம்பிள்ளை சம்பளத்துல வெளயாண்டவன்?" என்று சீறினாள். கதை முடிந்ததும் இன்னும் கிட்டத்தில் வந்தாள்.

"அப்ப செபஸ்தியார் எடுத்துக்கிடலையா?"

"இல்ல."

"அவளாத்தான் போயிருக்காளா?"

"அவளாத்தான்."

இனி இந்த அம்மாளுக்கு நிம்மதி என்று நான் நினைத்தேன். நான் என்னத்தைக் கண்டேன். வியாகுலம்மாள் தரையில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினாள். மகள் மடத்துக்குப் போன அன்றும் அவள் அழவில்லையாம், இரண்டாம் தடவை போன அன்றும் அழவில்லையாம். கொடுத்ததைச் சாமி எடுத்துக்கொண்டால் யாரிடம் போய் அழுவது என்று இருந்திருக்கிறாள். "என்னைய விட்டுட்டு அவளாப் போயிட்டாளே, அவளாப் போயிட்டாளே," என்று அந்த வீட்டில் அவள் பன்னிரண்டு வருட அழுகையையும் அழுதாள். கஸ்பார் அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் பெருமாள்சாமியும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டோம்.